முப்பத்தொன்றாம் தட்டு

போன மாதம் ஒரு காலையில் கயல்விழி என்ற பெண் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். போடியில் நான் வேலை பார்த்த ஏலக்காய் ஏல மண்டபத்துக்குப் புது மென்பொருள் எழுதும் குழுவில் இருப்பவள். நான் எழுதிய பழைய நிரலைப் படித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கழித்துக்கட்டுவது அவள் வேலை. சொந்த ஊர் தேவாரம்.

“ஜெயபாலன் ஐயா, ஒரு எடத்துல ரெண்டு வரிய வேலை செய்யாதபடி அடைச்சு வச்சிருக்கீங்க. அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி. பக்கத்துல ‘அழிக்க வேண்டாம்’னு வேற எழுதியிருக்கு. பதினஞ்சு வருசமா யாரும் தொடல. தூக்கிரட்டுமா?”

“எந்த இடம்?”

“லாட்ட மாத்துற எடம்.”

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டு, “என்னங்கய்யா, உள்ள புதையல் கிதையல் இருக்கா?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

நம் ஏலக்காய்ச் சங்க மலருக்குப் பணி அனுபவம் எழுதித் தருமாறு ஆசிரியர் மூன்று ஆண்டுகளாகக் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் கண் வலி, முதுகு வலி என்று தட்டிக்கழித்தேன். காரணம் கண்ணுமில்லை, முதுகுமில்லை. அந்த இரண்டு வரிகள்தான்.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதுரையில் கணிதம் படித்தேன். கோவையில் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் இருபத்தைந்து வருடம் இருந்தேன். ஏல மண்டபத்தில் வாய்விட்டு விலை கேட்பதை நிறுத்திவிட்டுக் கணினிக்கு மாறப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

மண்டபத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மலையிலிருந்து வரும் காய் மூட்டைகள் மண்டபத்தின் சரக்குக் கிட்டங்கியில் இறங்கும். ஒரு விவசாயியின் ஒரே தரக் காய் ஒரு லாட். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பிடி சாம்பிள் எடுத்துத் தட்டில் வைப்பார்கள். மண்டபத்தில் குதிரை லாட வடிவில் மேசைகள். ஒவ்வொரு வியாபாரிக்கும் முன்னால் ஒரு திரை, விலை அழுத்த ஒரு பொத்தான் பலகை. தட்டு கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும். பார்ப்பார்கள், உரித்துப் பார்ப்பார்கள், முகர்வார்கள், அழுத்துவார்கள். திரையில் எண் மட்டும் தெரியும். யாருடைய காய் என்பது ஏலம் முடிந்து, பெயரும் விலையும் மட்டும் அச்சான தாள் வந்த பிறகே வெளிப்படும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக.

நான் எழுதிய நிரலில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்றில் விவசாயிகளின் பெயர்கள். இன்னொன்றில் கிடைத்த விலைகள். இதன் ஐந்தாம் இடமும் அதன் ஐந்தாம் இடமும் ஜோடி. எங்கள் தொழிலில் ‘அரே’ என்பார்கள். முன்கூட்டியே நீளம் சொல்லத் தேவையில்லாமல், ஆள் வர வர நீண்டுகொள்ளும் வகை. அதைக் கையாளும்போதெல்லாம் எனக்கு இன்றும் மலைப்பு வரும். பத்து லட்சம் பேர் நிற்கும் வரிசையில் முப்பத்தொன்றாம் ஆளை மட்டும் மாற்று என்றால், இயந்திரம் முதல் ஆளிலிருந்து எண்ணிக்கொண்டு போகாது. தொடக்கம் எங்கே, ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று ஒரு பெருக்கல் போட்டு நேரே அங்கே போய் நிற்கும். பழையவர் இருந்த இடத்தில் புதியவரை வைக்கும். பக்கத்தில் நிற்பவருக்குக் காற்றுகூடப் படாது. எண்பது பேர் இருந்தாலும் எண்பது கோடிப் பேர் இருந்தாலும் அதே ஒரு அடிதான்.

அந்த மண்டபத்தில் எனக்கு இதே மலைப்பைத் தந்த மனிதர் ஒருவர் இருந்தார். வீரணன். தட்டுகளை அடுக்கி, வரிசையாக அனுப்புவது அவர் வேலை. காயை இரண்டு விரலால் நசுக்கி மூக்கருகே கொண்டுபோனால் எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்வார். “இது குரங்கணிக்கு மேல சார், ஓடைப்பக்கம். இந்தா, இது காய் ஒலத்துற ஸ்டோருல ரெண்டாம் நாளு ஈர வெறகு போட்டுக் காயவச்சது. பொகை உள்ள ஏறியிருக்கு பாருங்க.” முகர்ந்து பார்ப்பேன். எனக்கு ஏலக்காய் வாசனை மட்டும்தான் வரும்.

மேலாளர் ஞானமுத்து. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. முக்கியமான கேள்வியை மூன்று முறை, ஒரு சொல்லும் மாறாமல் கேட்பார். முதல் முறை கேட்கும்போது கண்ணாடி போட்டிருப்பார். இரண்டாம் முறை கழற்றுவார். மூன்றாம் முறை மறுபடி போட்டுக்கொள்வார். மூன்று முறையும் ஒரே பதில் வந்தால் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவார். அதோடு அந்த விஷயம் முடிந்தது. அவர் வைத்த நடைமுறை ஒன்று உண்டு. ஒவ்வொரு லாட்டுக்கும் ஏலம் கூப்பிடுபவர் எண்ணைச் சொல்ல வேண்டும், வீரணன் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும், நான் திரையைப் பார்த்து “சரி” என்று சொல்ல வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் விலை திறக்கும்.

இனி அந்த நாள்.

எங்கள் மண்டபத்தில் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் ஒன்று இருந்தது. எந்த லாட் எத்தனையாவது என்பது குலுக்கலில் விழும். முதல் பத்து லாட்டுக்கு வியாபாரிகள் சூடாகியிருக்க மாட்டார்கள். கடைசிப் பத்துக்கு வேண்டியதை வாங்கிவிட்டுக் காலை நீட்டியிருப்பார்கள். முப்பதுக்கு மேல் ஐம்பதுக்குள் விழுந்தால் அதிர்ஷ்டம். அப்படி விழுந்த இடத்தை யாரும் சும்மா விடமாட்டார்கள். ஏதாவது காரணத்தால் தன் காயைத் திரும்ப எடுக்க நேர்ந்தால், இடத்தை மச்சானுக்கோ சம்பந்திக்கோ கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அன்று மொத்தம் எண்பது லாட். காலையில் மலைப்பாதையில் மழை. முப்பத்தொன்றாம் இடம் விழுந்தவரின் ஜீப்பில் தார்ப்பாய் கிழிந்து மூட்டை நனைந்துவிட்டது. மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது ஓடிவந்தார்.

“அய்யா, எங்காய எடுத்துக்கிறேன். எம் மச்சான் காயி நேத்தே கிட்டங்கிக்கு வந்திருச்சு. எம் எடத்துல அத வச்சிருங்க. வெரசாங்கய்யா, அவன் தங்கச்சியக் கட்டுன பாவத்துக்கு எனக்கு வீட்டுல சோறு கெடைக்கணும்.”

ஞானமுத்து என்னைப் பார்த்தார். “முப்பத்தொண்ணை மாத்தணும். வரிசை கலையக்கூடாது.”

வீரணன் முப்பத்தொன்றாம் தட்டைத் தூக்கினார். மேசையில் தட்டளவுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. மச்சான் காயை வேறொரு தட்டில் கொட்டி அந்த இடத்தில் வைத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் தட்டச்சு செய்தேன். நிரலில் அதுவரை மாற்றும் வசதி இல்லை. கால் மணி நேரத்தில் எழுத வேண்டும். அவர் கை செய்ததையே எழுதினேன். முதல் வரி: முப்பத்தொன்றை எடு. இரண்டாம் வரி: புதியவரைச் சேர்.

அங்கேதான் பிசகினேன். மேசையில் தட்டை எடுத்தால் இடம் காத்திருக்கும். இயந்திர வரிசையில் ஆளை எடுத்த கணமே இடமும் போய்விடும். முப்பத்திரண்டு முப்பத்தொன்றாகும், முப்பத்துமூன்று முப்பத்திரண்டாகும், கடைசி வரை எல்லாரும் ஓர் அடி முன்னால் நகர்ந்துவிடுவார்கள். பிறகு ‘சேர்’ என்றால் புதியவர் வாலில் போய் நிற்பார். மொத்தம் அதே எண்பது. பார்த்தால் எதுவும் குறையாது. ஆனால் பெயர் வரிசை நகர்ந்துவிட்டது, விலை வரிசை நகரவில்லை. ‘முப்பத்தொன்றில் இவரை வை’ என்று ஒரே வரியில் எழுதியிருக்க வேண்டும். முதல் வருடம் படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்த பாடம். இருபத்தைந்து வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் கோட்டைவிட்டேன்.

ஏலம் நடந்தது. கூப்பிடுபவர் “முப்பத்திரெண்டு” என்றார். வீரணன் முப்பத்திரண்டாம் தட்டைத் தூக்கினார். திரையில் முப்பத்திரண்டு என்றே இருந்தது. திரையின் எண் வெறுமனே எண்ணிக்கொண்டு போவது, பெயரோடு அதற்குச் சம்பந்தமில்லை. நான் “சரி” என்றேன். ஐம்பது முறை சரி என்றேன்.

மறுநாள் பேச்சியம்மாள் வந்தார். குரங்கணிக்கு மேலே தோட்டம். முப்பத்திரண்டாம் லாட் அவருடையது. அன்றைய காய்களில் அதுதான் முதல் தரம் என்று மண்டபமே பேசியது. தாளில் அவர் பெயருக்கு நேரே இருந்தது மச்சானின் நடுத்தரக் காய்க்குக் கிடைத்த விலை.

“எங்காயப் பாத்துப்புட்டு இந்த வெலைய எவன் அழுத்துனான்? அவன் மூக்கு மூக்குதானா, இல்ல மொகத்துல ஒட்டவச்சதா?” என்று மண்டப வாசலில் நின்று கேட்டார்.

மதியத்துக்குள் வியாபாரிகளும் வந்துவிட்டார்கள். சாம்பிளில் பார்த்தது ஒன்று, மூட்டையில் வந்தது ஒன்று. முப்பத்தொன்றிலிருந்து எல்லா லாட்டிலும் இதே கதை. முப்பத்தொன்றாம் தட்டை அன்று மாற்றியவர் வீரணன். தட்டுகள் ஓர் இடம் பிசகிவிட்டன என்று எல்லாருக்கும் உடனே தோன்றிவிட்டது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இதைப் பொய்யில்லாமல் சொல்கிறேன்.

“தட்டு மாறல சார்” என்றார் வீரணன்.

“தாளு பொய் சொல்லுமாய்யா?” என்றார் ஒரு வியாபாரி.

வீரணன் ஞானமுத்துவிடம் திரும்பினார். “மூட்டையிலருந்து புதுசா ஒரு பிடி எடுத்துக் கொண்டாரச் சொல்லுங்க சார். அம்பது லாட்டும். கலைச்சுப் போடுங்க. நேத்து எது எத்தனாவதா இருந்துச்சுன்னு நான் வச்சுக் காட்டுறேன். ஒண்ணு தப்புனாலும் எம்மேல போடுங்க.”

ஞானமுத்து அப்படியே செய்தார். கிட்டங்கியில் அவரே நின்று ஐம்பது பிடி எடுத்தார். எந்தத் தட்டு யாருடையது என்று குலுக்கல் வரிசைத் தாளில் குறித்துக்கொண்டு, தட்டுகளில் எழுத்தோ குறியோ இல்லாமல் மேசையில் கலைத்து வைத்தார்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. வீரணன் அவசரப்படவில்லை. ஒரு காயை எடுப்பார், நசுக்குவார், கண்ணை மூடுவார். சிலவற்றை முகரக்கூட இல்லை. கையில் உருட்டியதுமே நகர்த்தி வைத்தார். இரண்டு தட்டுகளிடம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். “ரெண்டும் ஒரே ஸ்டோருல காஞ்சது சார், அண்ணந்தம்பி காயி. அண்ணங்காயி ஒரு நாள் கூடக் காஞ்சிருக்கு” என்று முணுமுணுத்துவிட்டு இரண்டையும் வைத்தார். மின்விசிறியை யாரோ நிறுத்திவிட்டார்கள். பேச்சியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். வீரணன் ஒவ்வொரு தட்டையும் வைக்கும்போது ஞானமுத்து தாளில் ஒரு விரலை நகர்த்தினார். முப்பத்தொன்றிலிருந்து எண்பது வரை விரல் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஐம்பதும் சரி.

எண்பதாம் தட்டையும் வீரணன் வைத்து முடித்தார். அத்தனை பேரும் ஒரு மனிதனின் மூக்கின் முன்னால் கைகட்டி நின்றோம். அப்போது அதே வியாபாரி சிரித்தார்.

“நல்லா இருக்கே! கண்ணக் கட்டிவிட்டாலே அடுக்குற ஆளு, கண்ணத் தொறந்துக்கிட்டு மாத்த மாட்டானா? தெரியாதவன் மாத்துனா தப்பு. தெரிஞ்சவன் மாத்துனா திருட்டு.”

வீரணனின் முகம் செத்துப்போனது. தன்னைக் காப்பாற்றும் என்று நம்பிய வித்தையே அவரைக் கவிழ்த்துவிட்டது.

ஞானமுத்து என் பக்கம் திரும்பினார்.

“மெஷின்ல பிசகு இருக்குமா?”

“இருக்காது சார்.”

கண்ணாடியைக் கழற்றினார். “மெஷின்ல பிசகு இருக்குமா?”

“இருக்காது சார்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “மெஷின்ல பிசகு இருக்குமா?”

வீரணன் நாற்பதாவது தட்டை வைக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனிதர் தவறியிருக்க மாட்டார் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. ‘பார்த்துச் சொல்கிறேன் சார்’ என்ற மூன்று வார்த்தை போதும். நான் சொல்லவில்லை.

“இருக்காது சார்.”

தாள் நான்காக மடிந்து சட்டைப்பைக்குள் போனது.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு நிரலைத் திறந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு வரிகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அடைத்துவிட்டுக் கீழே சரியான ஒரு வரியை எழுதினேன். சோதித்தேன். முப்பத்தொன்றில் புதியவர் வந்து உட்கார்ந்தார், மற்ற எழுபத்தொன்பது பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அந்த நிலையிலும் அதைப் பார்த்து எனக்கு மலைப்பு வந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஞானமுத்துவின் அறையில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருபது அடி நடந்தால் போதும். கணினி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வேண்டாம் என்று சொன்னவர்கள் பாதிப் பேர். இதை ஒப்புக்கொண்டால் மறுபடி வாய் ஏலத்துக்குப் போய்விடுவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

அந்த ஐம்பது லாட்டையும் அடுத்த வாரம் மறு ஏலம் விட்டார்கள். பேச்சியம்மாளின் காய்க்கு அதற்குரிய விலை கிடைத்தது. யாருக்கும் நஷ்டமில்லை என்று பேசிக்கொண்டார்கள். வீரணனை மண்டபத்திலிருந்து எடுத்து, கிட்டங்கியில் லோடு இறக்கப் போட்டார்கள். அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். கூப்பிடுபவர் எண் சொன்னார், புதியவர் தட்டைத் தூக்கினார், நான் “சரி” என்றேன். ஒருவரை மாற்றியதில் மற்ற யாருமே ஓர் அங்குலம் நகரவில்லை. மூன்று மாதத்தில் வீரணன் வேலையை விட்டுவிட்டு, குரங்கணிக்கு மேலே ஒரு ஸ்டோரில் காய் உலர்த்தப் போய்விட்டார். ஞானமுத்து ஓய்வு பெற்று, பிறகு காலமானார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

கயல்விழி மூன்றாம் முறை கேட்ட பிறகு ஒரு ஜீப்பில் ஏறிக் குரங்கணிக்குப் போனேன். ஸ்டோருக்கு அருகில் வீடு. வீரணனின் மனைவி வேலுத்தாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க கம்பியூட்டரு. என்ன, மறுபடியும் தட்டு எதும் மாறிப்போச்சா?”

“சும்மா இரு புள்ள” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வீரணன் நன்றாக நரைத்திருந்தார். பாயை உதறிப் போட்டார்.

உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம். “அன்னைக்குத் தட்டு மாறல வீரணன். மெஷின்லதான் தப்பு. நான் செஞ்ச தப்பு. அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும்.”

வேலுத்தாய் கையிலிருந்த செம்பைத் தரையில் வைத்த சத்தம் கேட்டது. வீரணன் என் எதிரே உட்கார்ந்தார்.

“தட்டு மாறலன்னு எனக்குத்தான் தெரியுமே சார். மெசினு எப்பிடித் தப்புச்சு? அது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்ல. எத்தன நாளு ரோசன பண்ணிருக்கேன் தெரியுமா? அதச் சொல்லுங்க.”

திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் கேட்டது இது. பாயில் ஏலக்காய்களை ஒரு வரிசையாக வைத்தேன். கீழே வேலுத்தாய் தந்த பொட்டுக்கடலையை இன்னொரு வரிசையாக வைத்தேன். “மேல பேரு, கீழ வெலை” என்றேன். நடுவிலிருந்து ஒரு காயை எடுத்தேன். மற்றக் காய்களை ஒவ்வொன்றாக நெருக்கினேன். புதுக் காயைக் கடைசியில் வைத்தேன்.

அவர் குனிந்து, காய்க்கு நேரே இருக்கும் கடலையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண் விரிந்தது.

“தூக்குனதும் எடம் மூடிக்கிருமா?”

“மூடிக்கிரும்.”

“அந்த எடத்த யாரும் பிடிச்சு வச்சிருக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்க. எழுதுறவன்தான் பாத்துக்கணும்.”

“அடேயப்பா!” என்றார். மெய்யாகவே வியந்தார். “எவ்வளவு பெரிய சோலிய எம்புட்டுச் சின்னதா வச்சிருக்கான்!” மறுபடி ஒருமுறை செய்துகாட்டச் சொன்னார். செய்தேன். பிறகு அவரே செய்தார். அந்த மனிதரின் முன்னால், ஐம்பது தட்டுகள் அடுக்கிய அன்று நின்றதைப்போல, கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

மன்னிப்பு கேட்டேன். வேலுத்தாய்தான் பதில் சொன்னார். “எங்க மருமகன் ஏல மண்டபத்துக்கு லோடு ஓட்டுறான். இன்னைக்கும் அங்க ‘தட்டு மாத்துனவன் மருமகன்’னுதான் கூப்புடுறாங்க. இங்க வந்து எங்க காதுல சொன்னா எங்களுக்கு என்ன ஆகப்போகுது? எங்க அந்தப் பேர வச்சாங்களோ அங்க போய்ச் சொல்லுங்க.”

வீரணன் தலையை ஆட்டினார். “எழுதிக் குடுத்துருங்க சார். எல்லாரும் படிக்கிறாப்ல.”

எழுதிவிட்டேன். இந்த மலர் மண்டபத்து மேசைகளில் கிடக்கும், கிட்டங்கியில் கிடக்கும், வியாபாரிகளின் கடைகளில் கிடக்கும் என்று தெரிந்துதான் இதில் எழுதினேன். கயல்விழியிடமும் சொல்லிவிட்டேன், அந்த இரண்டு வரிகளை இனி அழித்துவிடலாம் என்று.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நடந்த கதையை மறக்கச் சொல்லவில்லை. முப்பத்தொன்றிலிருந்து எண்பது வரை ஒரு நாள் எல்லாம் பிசகியது உண்மை, அது அப்படியே இருக்கட்டும். அந்தக் கதையில் வீரணன் என்ற பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் ஜெயபாலன் என்று வையுங்கள். வேறு எதையும் நகர்த்த வேண்டியதில்லை.